ஒட்டு நகம் உடைந்து விரல் காயப்பட்டால்: முதலுதவியும் தடுக்கும் வழிகளும்

ஒட்டு நகம் எதிலாவது மாட்டி உடையும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. மேலே இருக்கும் அக்ரிலிக்கோ ஜெல்லோ தனியாக உடையாமல், அடியிலிருக்கும் சொந்த நகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போவதால் வரும் வலி அது. அந்தப் பதற்றத்தில் இன்னொரு கை தானாகவே தொங்கும் துண்டைப் பிடித்து இழுக்கப் போகும். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: தொங்கும் நகத்தை இழுக்காதீர்கள். அசையாமல் டேப்பால் ஒட்டுங்கள், நீளத்தைக் குறையுங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

மதுரைப் பக்கம் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் மணப்பெண் மட்டுமல்ல, நாத்தனார், தோழி, சித்தி மகள் என்று பலரும் நகம் வைத்துக்கொள்கிறார்கள். பார்லரில் வைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது ஜெல் எக்ஸ்டென்ஷன். பேன்சி ஸ்டோரில் டப்பாவாக வாங்கி வீட்டிலேயே ஒட்டிக்கொள்வது பிரஸ் ஆன். அடுத்த நாளே அதே கையால் குடம் தூக்க வேண்டும், மல்லிகைச் சரம் கட்ட வேண்டும், சேலை மடிப்புக்கு ஊக்குக் குத்த வேண்டும். நகம் உடைவது இந்த இடங்களில்தான்.

சொந்த நகம் ஏன் சேர்ந்து உடைகிறது

நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதி சதையோடு ஒட்டியிருக்கிறது. முனையில் வெள்ளையாகத் தெரியும் பகுதி சதையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கும் கோடுதான் நகத்தின் பலவீனமான இடம். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கடப்பாரை மாதிரி வேலை செய்கிறது. கடப்பாரை நீள நீள, நுனியில் கொஞ்சம் அழுத்தினாலும் அடியில் இருப்பது பெயர்ந்து வரும். 5 மி.மீ. நீட்டலில் தாங்கக்கூடிய இடி, 15 மி.மீ. நீட்டலில் அந்தக் கோட்டில் மூன்று மடங்காக இறங்குகிறது.

ஒட்டும் முறையைப் பொறுத்தும் காயம் மாறும். பசை ஸ்டிக்கர் வைத்து ஒட்டிய பிரஸ் ஆன் நகம், வேகமாக மாட்டினால் கழன்று விழுந்துவிடும். வீட்டு மின்பலகையில் ஃபியூஸ் போய் விளக்கைக் காப்பாற்றுகிற மாதிரி அது விரலைக் காப்பாற்றும். நல்ல அக்ரிலிக் விடாது. மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவம் கலந்த மலிவான அக்ரிலிக் இன்னும் மோசம். அது கல் மாதிரி இறுகுவதால், இடிபட்டால் அது உடையாமல் சொந்த நகம்தான் கிழியும். அமெரிக்காவில் 1970-களிலேயே இந்தத் திரவத்தை முழுமையாகக் கொண்ட நகப் பொருட்களுக்கு எதிராக அரசே நடவடிக்கை எடுத்தது. மூக்கைத் துளைக்கும் நெடி, அரத்தால் தேய்த்தாலும் எளிதில் தேயாத கடினம், அசிட்டோனில் ஊறவைத்தும் இளகாமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். பார்லரில் எந்தத் திரவம் என்று கேளுங்கள். மெத்தில் அல்ல, எத்தில் மெத்தாக்ரிலேட் என்று புட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். லேபிள் இல்லாத புட்டியைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கே உடைந்திருக்கிறது என்று பாருங்கள்

வெளிச்சத்தில் விரலைப் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெள்ளைப் பகுதியில் மட்டும் விரிசல், இரத்தம் இல்லை, அழுத்தினால் வலி இல்லை என்றால் அது காயமே அல்ல. நீளத்தைக் குறைத்தால் போதும். விரிசல் இளஞ்சிவப்புப் பகுதிக்குள் இறங்கியிருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ நகப்படுகை, அதாவது நகத்துக்கு அடியிலுள்ள சதை, கிழிந்திருக்கிறது. உடையாமலேயே நகம் முழுவதும் மூடி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. நகத்தின் அடியில் கருநீலமாக இரத்தம் கட்டுவதும் உண்டு. நகத்தின் வேர் இருக்கும் இடம், அதாவது பிறை தெரியும் பகுதியும் அதை மூடியுள்ள தோலும் கிழிந்திருந்தால் அதுதான் மிகவும் கவனிக்க வேண்டிய காயம். வேர் சிதைந்தால் வளர்ந்து வரும் புது நகம் பிளவோடு நிரந்தரமாக நின்றுவிடலாம்.

முதல் அரை மணி நேரம்

1. உட்காருங்கள். நகம் பெயர்ந்த வலியில் தலை சுற்றி மயங்குவது சாதாரணம். மண்டபக் கூட்டத்தில் நின்றபடியே சமாளிக்க வேண்டாம்.

2. அந்த விரலிலும் பக்கத்து விரலிலும் உள்ள மோதிரங்களை உடனே கழற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இறுக்கமாக இருந்தால் சோப்பு நுரையோ தேங்காய் எண்ணெயோ மோதிரத்தைச் சுற்றித் தடவிச் சுழற்றுங்கள். எண்ணெய் காயத்தில் படக் கூடாது.

3. சுத்தமான துணி அல்லது காஸை (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) வைத்து, நகத்தை அதன் இயல்பான இடத்தில் படுக்கவைத்தபடி 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திக்கொள்ளுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் கலைந்து மறுபடி கசியும். கடிகாரத்தைப் பாருங்கள், விரலைப் பார்க்காதீர்கள். வெறும் பஞ்சை வைத்தால் நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

4. இரத்தம் நின்றதும் ஓடும் குடிநீரில் 5 நிமிடம் கழுவுங்கள். கேன் தண்ணீரோ காய்ச்சி ஆறவைத்த நீரோ நல்லது. சுற்றியுள்ள தோலுக்குச் சாதாரண சோப்பு போதும். நீர்க்காத டெட்டாலையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் நகப்படுகையில் ஊற்றக் கூடாது. அவை கிருமியோடு புதுத் திசுவையும் பொசுக்கும்.

5. தொங்கும் துண்டை மைக்ரோபோர் டேப்பால் (காயத்துக்கு ஒட்டும் காகித டேப்) விரலோடு சேர்த்து ஒட்டுங்கள். நகத்தின் மேலிருந்து விரலின் அடிப்பக்கம் வரை நீளவாக்கில் ஒரு துண்டு போதும். அசைவு நின்றால் வலி பாதி குறையும்.

6. இப்போது நீளத்தைக் குறையுங்கள். நகவெட்டியைக் குறுக்கே வைத்து ஒரே நொறுக்காக நொறுக்கினால் அக்ரிலிக் நீளவாக்கில் பிளந்து விரிசல் சதைக்குள் ஓடும். இரண்டு ஓரங்களிலிருந்தும் 2 மி.மீ. 2 மி.மீ. ஆக நடுவை நோக்கி வெட்டுங்கள். அதைவிட நல்லது 100 அல்லது 180 கிரிட் (சொரசொரப்பின் அளவு) அரத்தால் ஒரே திசையில் தேய்ப்பது. முன்னும் பின்னுமாக ராவினால் நகம் ஆடும். இன்னொருவர் விரலைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளட்டும். வலி தாங்கவில்லை என்றால் இந்த வேலையை மருத்துவமனைக்கு விட்டுவிடுங்கள்.

7. காயத்தின் மேல் வாசலினை மெல்லிசாகத் தடவி, ஒட்டாத காஸ் ஒன்றை வைத்து, டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்கள். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபடும். கட்டியபின் விரல் நுனி வெளுத்தாலோ மரத்துப்போனாலோ தளர்த்திக் கட்டுங்கள்.

ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வலிக்குப் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போடலாம், அடுத்ததற்கு 6 மணி நேரம் இடைவெளி. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். ஆஸ்பிரின் இரத்தக் கசிவை நீட்டிக்கும்.

மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வைக்காதீர்கள். காபித்தூள் இரத்தத்தை அடைப்பது போலத் தெரியும். ஆனால் அந்தத் தூள் நகத்துக்கும் படுகைக்கும் நடுவே புகுந்து, மருத்துவர் உணர்வை மரக்கவைத்து ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். சுண்ணாம்பு திறந்த சதையைப் புண்ணாக்கும்.

சாப்பாடும் கட்டும்

வலது கை விரல் என்றால் சோற்றைப் பிசையக் கூடாது. குழம்பில் நனைந்த கட்டு சில மணி நேரத்திலேயே கிருமிகள் பெருக ஏற்ற இடமாகிவிடும். இரண்டு மூன்று நாளைக்குக் கரண்டி பிடித்துக்கொள்ளுங்கள். சமைத்தே ஆக வேண்டும் என்றால் கட்டின் மேல் மெல்லிய நெகிழிக் கையுறை. மதுரை வெயிலில் கையுறைக்குள் அரை மணி நேரத்தில் வியர்த்துவிடும், ஆகவே கழற்றியதும் கட்டை மாற்றுங்கள். மற்றபடி நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். காஸ் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் நனைத்து எடுங்கள்.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

15 நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை, நகம் பாதிக்கு மேல் படுகையை விட்டுத் தூக்கிவிட்டது, வேர்ப்பகுதி கிழிந்துள்ளது, விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, நுனி மரத்துவிட்டது, கதவிலோ ஷட்டரிலோ நசுங்கியது: இதில் எது இருந்தாலும் அன்றே போங்கள். நசுங்கிய விரலில் எலும்பு விரிசல் இருக்கலாம், எக்ஸ்ரே எடுப்பார்கள். நகப்படுகை கிழிந்திருந்தால் ஒரு நாளுக்குள் தையல் போடுவது நல்லது. கழன்று விழுந்த நகத்தை ஈரத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப்போங்கள். சுத்தம் செய்து படுகையின் மேல் மூடியாக வைப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள்.

நகருக்குள் கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். கடைசியாக டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 10 ஆண்டு ஆகிவிட்டதென்றால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். காயத்தில் மண், சாணம், சாக்கடை நீர் பட்டிருந்தால் அந்தக் கணக்கு 5 ஆண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறு கிழிசல் என்றாலும் காட்டிவிடுங்கள். சர்க்கரை கூடுதலாக இருக்கும் உடம்பில் விரல் நுனிச் சீழ் எலும்புவரை இறங்குவது வேகமாக நடக்கும்.

நகத்தடியில் இரத்தம் கட்டினால்

சின்னப் புள்ளியாக இருந்து வலி குறைந்துகொண்டே வந்தால் விட்டுவிடலாம், நகம் வளர வளர முனைக்கு நகர்ந்து போய்விடும். விண்விண்ணென்று தெறித்தால் முதல் இரண்டு நாளுக்குள் மருத்துவர் நகத்தில் நுண்துளை போட்டு இரத்தத்தை வெளியேற்றுவார், வலி உடனே இறங்கும். வீட்டில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துகிற பழைய வைத்தியத்தை ஒட்டு நகத்தின் மேல் ஒருபோதும் செய்யக் கூடாது. அக்ரிலிக் தீப்பற்றும். மருத்துவமனையிலும் முதலிலேயே ‘இது ஒட்டு நகம்’ என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சில இடங்களில் சூடான கருவியால்தான் துளை போடுவார்கள்.

பசையால் வரும் விபத்துகள்

உடைந்ததை அவசரமாக ஒட்ட வீட்டிலுள்ள உடனடிப் பசையை எடுப்பவர்கள் நிறைய. கடையில் சின்னக் குழாயில் விற்கும் உடனடிப் பசையும் நகப் பசையும் சயனோஅக்ரிலேட் குடும்பம்தான். திறந்த காயத்தில் இரண்டையுமே விடக் கூடாது. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. இந்தப் பசை பருத்தித் துணியில் சிந்தினால் வேதிவினையில் கடுமையாகச் சூடேறும். நைட்டியின் மடியில் புட்டி கவிழ்ந்து தொடை வெந்துபோகிற அளவுக்குச் சூடு. பஞ்சாலும் டிஷ்யூவாலும் துடைத்தாலும் அதேதான். தட்டு ஒன்றை மேசையில் வைத்து அதன் மேல் ஒட்டுங்கள். துணியில் சிந்திவிட்டால் உடனே தண்ணீரை ஊற்றுங்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீர் விட்டுக்கொண்டே மருத்துவமனை. விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, உருட்டுவது போல மெல்லப் பிரியுங்கள்.

நகப் பசைப் புட்டி கண் சொட்டு மருந்துப் புட்டி போலவே இருக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. கண்ணில் விழுந்துவிட்டால் இமையைப் பிரித்துப் பார்க்காதீர்கள், அசிட்டோன் கிட்டவே வரக் கூடாது. வெதுவெதுப்பான சுத்த நீரால் 15 நிமிடம் கழுவி, ஈரத் துணியை மேலே வைத்து நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் இதற்கு வீட்டு வைத்தியம் பார்ப்பது நியாயமே இல்லை. தெறித்த நகத் துண்டு கண்ணில் பட்டு உறுத்தினாலும் கண்ணைக் கசக்காமல் இதே வழிதான்.

மீதி நகங்களை எடுப்பது

ஒரு விரல் கட்டில் இருக்கும்போது மற்ற விரல்கள் வழக்கமில்லாத கோணத்தில் வேலை செய்யும், அடுத்த உடைசல் அங்கேதான் வரும். ஆகவே அன்றே மற்ற நகங்களையாவது வெளியே 3 மி.மீ. மட்டும் நீட்டும்படி குறைத்துவிடுங்கள்.

முழுவதும் எடுக்க, பசை ஸ்டிக்கர் வகைக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரில் சில சொட்டு எண்ணெய் விட்டு 15 நிமிடம் ஊறினால் போதும். அக்ரிலிக்குக்கும் இளகும் ஜெல்லுக்கும் அசிட்டோன் வேண்டும். மேல்பூச்சை 100 கிரிட் அரத்தால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவி, அசிட்டோனில் நனைத்த சிறு பஞ்சை நகத்தின் மேல் மட்டும் வைத்து அலுமினியத் தாளால் சுற்றுங்கள். ஜெல்லுக்கு 15 முதல் 20 நிமிடம், அக்ரிலிக்குக்கு 30 முதல் 40 நிமிடம். கூழானதை மரக்குச்சியால் தள்ளுங்கள். தள்ளும்போது எதிர்த்தால் இன்னும் 10 நிமிடம் சுற்றி வையுங்கள், சுரண்டினால் சொந்த நகத்தின் மேலடுக்கு பெயர்ந்து வரும். கடின ஜெல் அசிட்டோனில் கரையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், அதைப் பார்லரில் விட்டுவிடுவது நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, கொசுவத்தி எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. காயமுள்ள விரலுக்கு அசிட்டோன் வேண்டாம். புண் ஆறும்வரை அந்த நகத்தைக் குட்டையாகத் தேய்த்து வைத்திருந்தால் போதும்.

ஆறும் நாட்கள்

திறந்து கிடக்கும் நகப்படுகை ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்து இறுகும், பிறகு தொட்டால் அவ்வளவு வலிக்காது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். முழுதாகப் பெயர்ந்த நகம் திரும்பி வர ஆறு மாதம் வரை ஆகும். முதலில் வரும் நகம் வரிவரியாக, தடித்து இருக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த விரலில் முழு நகமும் வளரும்வரை மறுபடி ஒட்டு நகம் வைக்காதீர்கள்.

மூன்றாவது நான்காவது நாளில் நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி வலித்தால் நகச்சுத்து. சீழ் இல்லாத ஆரம்ப நிலையில் வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் என நாளுக்கு மூன்று நான்கு முறை ஊறவைத்தால் பெரும்பாலும் அடங்கும். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் தொப்பியாக மாட்டுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உண்டு. தோல் கிழிந்த விரலில் அதைச் செய்யாதீர்கள். புளிப்பு எரிப்பதோடு, ஒரு நாள் முழுக்க ஈரத்திலேயே ஊறும் தோல் மேலும் பிரியும். சீழ் தெரிந்தால் வீட்டில் குத்தாமல் மருத்துவரிடம் போங்கள். சிவப்புக் கோடு கையில் மேலேறினால், காய்ச்சல் வந்தால், விரல் மடங்கியே நின்று நீட்டும்போது துடித்தால் இரவென்றும் பாராமல் போக வேண்டும்.

ஒட்டு நகத்தைக் கழற்றியதும் அடியில் பச்சையாகத் தெரிவது பூஞ்சை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா, தூக்கிக்கொண்ட நகத்தடியில் தண்ணீர் தேங்குவதால் வருவது. அதன் மேல் வண்ணம் பூசி மறைத்தால் உள்ளே பரவும். நகத்தை எடுத்து, காய வைத்து, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நகத்தைச் சுற்றித் தோல் அரித்துக் கொப்புளிக்கிறது என்றால் அக்ரிலேட் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படியென்றால் அதன்பின் எந்த பார்லரிலும் ஜெல்லோ அக்ரிலிக்கோ வைக்கக் கூடாது. பல் அடைக்கும் கலவையிலும் அக்ரிலேட் வகைகள் இருப்பதால் பல் மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள்.

உடையாமல் வைத்துக்கொள்ள

நீளம்தான் எல்லாவற்றுக்கும் முதல். இளஞ்சிவப்புப் பகுதி 12 மி.மீ. என்றால் வெளியே நீட்டுவது 6 மி.மீ. தாண்டாமல் இருக்கட்டும். முனை வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருந்தால் ஜரிகையிலும் வளையலிலும் மாட்டாது. சதுர முனையின் ஓரங்கள்தான் முந்தானை நூலில் சிக்கி இழுக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது அந்த பலவீனமான கோட்டுக்கு மேலே மெல்லிய மேடு இருக்க வேண்டும். தட்டையாக, காகிதம் போல இருந்தால் மறுபடி செய்யச் சொல்லுங்கள். மூன்று வாரத்தில் நகம் 2 மி.மீ. வளர்ந்து அந்த மேடு முன்னால் நகர்ந்துவிடும், ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஃபில்லிங் (வளர்ந்த இடைவெளியை நிரப்புவது) கட்டாயம். ஓரம் தூக்கியிருந்தால் பசை விட்டு அடைக்காமல் எடுத்துவிடுங்கள்.

இரண்டு நாள் கல்யாணத்துக்கு அக்ரிலிக் தேவையே இல்லை. பசை ஸ்டிக்கர் போட்ட பிரஸ் ஆன் போதும், மாட்டினால் கழன்று விழும், விரல் தப்பிக்கும். கைப்பையில் உதிரி நகம் இரண்டு, சிறு அரம் ஒன்று, மைக்ரோபோர் டேப், காஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விரல் நுனியால் செய்யாமல் விரலின் சதைப் பக்கத்தால் செய்யப் பழகுங்கள். தோட்டின் திருகை இன்னொருவர் போட்டுவிடட்டும், ஊக்கையும் அப்படியே. கண்ணாடி வளையல் போடும்போது கைமேல் மெல்லிய நெகிழிப் பையை மாட்டிக்கொண்டு வளையலை ஏற்றினால் நகத்தில் தட்டாது. பூக்கட்டும்போது நாரை நகத்தால் நெருக்காதீர்கள். ஸ்கூட்டர் சீட்டைத் திறக்க, ஷட்டரை இழுக்க, குடத்தின் கழுத்தைப் பிடிக்க உள்ளங்கையைப் பயன்படுத்துங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்துக்கு நீளநகத்தோடு போகவே வேண்டாம், நெரிசலில் யார் சேலையிலாவது மாட்டினால் கையைத் திருப்பக்கூட இடமிருக்காது.

கற்பூர ஆரத்தியைத் தொட்டு ஒற்றிக்கொள்ளும்போது நகம் சுடருக்குள் போகிறது. குத்துவிளக்கு ஏற்றும்போதும் அப்படித்தான். ஒட்டு நகம் எரியும், உருகிய பிளாஸ்டிக் விரலோடு ஒட்டிக்கொண்டு எரியும். ஆரத்தித் தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். விளக்கை நீண்ட ஊதுவத்தியாலோ குச்சி மெழுகுவத்தியாலோ ஏற்றுங்கள். நகம் பற்றிவிட்டால் உடனே தண்ணீரில் முக்கி 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டி, ஒட்டிய பிளாஸ்டிக்கை உரிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் செவிலியர்களும் ஒட்டு நகம் வைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டுக் கைச்சுத்த வழிகாட்டுதல், நோயாளிகளை நேரடியாகத் தொடும் பணியாளர்களுக்கு இதை வேண்டாம் என்றே சொல்கிறது. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி சரியாகக் காட்ட வேண்டும் என்பதற்காக முந்தைய நாளே நகங்களை எடுத்துவிடுங்கள்.